முதல் பழம் சர்தார் பாஷாவுக்கு

சௌந்தரம் அக்கா எதைக் கையில் வாங்கினாலும் முதலில் கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். பஸ் டிக்கெட், வாழைப்பழம், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. நான் ஆறாவது படிக்கும்போது முதல் ரேங்க் வாங்கிய கார்டை அவரிடம் காட்டினேன். மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் அட்டையின் ஓரத்தைத் தடவினார். "பிசிறு இல்லாம வெட்டியிருக்கான்" என்றார். அதற்குப் பிறகுதான் மார்க்கைக் கேட்டார்.

அவரும் என் அம்மாவும் மாதனூரில் ஒரே நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறுவார்கள். அதனால் பன்னிரண்டு, பதிமூன்று வருஷமாக இந்தப் பழக்கத்தைப் பார்த்து வந்தேன். அது மாறியபோதும் பார்த்தேன். கடைசி இரண்டு வருஷங்களில் வலது கை இடது கையாயிற்று. பிறகு, தின்கிற பொருளாக இருந்தால் கீழுதட்டில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு கொய்யாவை உதட்டில் உருட்டிவிட்டுத்தான் கடித்தார். நான் பார்த்தேன், ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டாத இடத்தில் பிறகு யோசித்தேன்.

அக்கா பிறந்தது குடியாத்தத்தில். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்தவர். அறுந்த இழையை விரலால் தேடுவது அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாட்டு மாதிரி வந்துவிடும் என்பார். பத்தொன்பது வயதில் மாதனூருக்குக் கல்யாணம் ஆகி வந்தார். புருஷன் சம்பந்தம் காண்டிராக்ட் வேலைக்கு அரக்கோணம் போனவர். முதலில் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தார். பிறகு போன் மட்டும். பிறகு அதுவும் இல்லை. "சண்டை போட்டிருந்தா சமாதானமாவது ஆகியிருக்கலாம், சண்டையே போடலியே" என்று அக்கா ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். குழந்தை இல்லை. வீடும், வீட்டுக்குப் பின்னால் கல்லும் சரளையுமாக ஒரு மூன்று சென்ட் இடமும் அவருக்கு மிஞ்சின.

ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். முதல் பதினைந்து வருஷம் நூல் தீய்க்கிற வேலை. தைத்து முடித்த ஷூவில் நைலான் நூலின் முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதை லைட்டரில் லேசாகத் தீய்க்க வேண்டும். முனை உருகி ஒரு கடுகு மாதிரி திரளும். அது ஆறிவிட்டால் கெட்டியாகிக் குத்தும். ஆறுவதற்குள் கட்டை விரலால் அமுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முனை என்று நான் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்க்க முயன்றேன். அக்கா, "அதெல்லாம் எண்ணினா கை ஓடாது" என்றார். அதன் பிறகு அவரைச் செக்கிங் மேஜைக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கைவிட்டு, உள்துணியை முழுக்கத் தடவி, குத்துகிற முனையோ மடிப்போ இருந்தால் ஒதுக்க வேண்டும். அந்த ஹாலிலேயே மரியாதையான இடம் அது. அந்த மேஜைதான் தன் இடம் என்று அக்கா நினைத்தார். அதைப்பற்றி மட்டும்தான் கொஞ்சம் பெருமை பேசுவார்.

பக்கத்து நாற்காலி வஜீதா அக்காவுடையது. அவருடைய அண்ணன் சர்தார் பாஷா எங்கள் நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். சவூதியில் தாயிஃப் ஊரில் பதினோரு வருஷம் லாரி ஓட்டியவர். அங்கே தெருவுக்குத் தெரு கள்ளிப்பழம் தோல் சீவி ஐஸில் வைத்து விற்பார்களாம். ஊர் திரும்பும்போது அந்தக் கள்ளியின் இரண்டு மட்டைகளை உடைத்து, புது ஷூவுக்குள் திணித்துக் கொண்டுவந்தார். நம் ரோட்டோரக் கள்ளி மாதிரி பெரிய முள் அதில் கிடையாது. மயிர் மாதிரி சுணை மட்டும் கொத்துக் கொத்தாக இருக்கும். ஒரு மட்டையை அவர் வீட்டில் நட்டார், அழுகிவிட்டது. இன்னொன்றை சௌந்தரம் அக்காவிடம் கொடுத்தார்.

"உன் கல்லு பூமிக்குத்தான் இது லாயக்கு. சும்மா குடுக்கல, கேட்டுக்க. முதல் பழம் எனக்கு."

"ஒண்ணு இன்னா பாய், கூடையோட தர்றேன்."

"கூடை வேணாம். முதல் பழம் வேணும்."

மட்டை பிடித்துக்கொண்டது. போர் தண்ணீர் உப்பு. கத்தரியும் வெண்டையும் கருகிப்போகிற மண்ணில் அது மட்டும் மட்டைமேல் மட்டையாக வைத்தது. அதற்குள் மழையே இல்லாத ஒரு கோடை வந்தது. ஆட்டுக்குப் போடலாமா என்று யாரோ கேட்டார்கள். அக்கா போனில் வீடியோ தேடினார். எந்த நாடென்று தெரியாத ஒரு பெண், என்ன மொழியென்று தெரியாத மொழியில் பேசிக்கொண்டே, இதே மட்டையைச் சீவி நறுக்கிச் சட்டியில் வதக்கினாள். அக்காவுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. கையைப் பார்த்தார், போதும்.

உள்ளங்கை அளவு இளம் மட்டையைத்தான் உடைப்பார். ஓரத்தைச் சீவி, சுணைக் கொத்துகளைக் கத்தி முனையால் கிள்ளி எடுத்து, கம்பெனியில் கற்ற மாதிரியே லைட்டரால் தீய்ப்பார். நறுக்கி உப்புப் போட்டு வெறும் சட்டியில் வதக்கினால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று நீர் விடும். அது வற்றிய பிறகு மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்பு, அல்லது கடலைப்பருப்புக் கூட்டு. வாரத்துக்கு நான்கு நாள் அவர் டிபன் பாக்ஸில் கள்ளிதான்.

"இன்னா சௌந்தரம், இன்னிக்கும் கள்ளிதானா?" என்பார் வஜீதா அக்கா. "நாக்குக்கு ஒரு ஷூ தெச்சிக் குடுங்கடி இவளுக்கு."

"உனக்கும் ஒண்ணு சேத்து தெச்சிக்க. பேசிப் பேசி உன்துதான் சீக்கிரம் தேஞ்சிடும்."

பஸ்ஸே சிரிக்கும். கள்ளிக்காரி என்று ஊரில் பேர் வைத்தார்கள். அக்கா அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவள் நான். வாணியம்பாடியில் பி.எஸ்ஸி. வேதியியல். மூன்றாம் வருஷம், கள்ளியைப்பற்றிப் படித்ததை அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அது இரவில் மூச்சு வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும், பகலில் அதைச் செலவழித்துவிடும், அதனால் காலையில் உடைத்தால் புளிக்கும், சாயங்காலம் உடைத்தால் புளிப்பு கம்மி என்று விளக்கினேன்.

"இதுக்கா மூணு வருஷம்?" என்றார். "நான் ரெண்டு வேளை கடிச்சிப் பாத்துத் தெரிஞ்சிக்கினேன். காலைல உடைச்சா குழம்புக்குப் புளியே வேணாம்."

சொல்லிவிட்டு, என் முகம் போன போக்கைப் பார்த்து, "ஆனா ஏன் புளிக்குதுன்னு எனக்குத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும்" என்றார்.

படித்து முடித்து ஒரு வருஷம் அரசாங்கப் பரீட்சைகளுக்குப் படித்தேன். எதுவும் அமையவில்லை. அம்மாவுக்கு இடுப்பு வலி வந்து வேலையை விட்டார். நான் அதே கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்க் குறையைக் குறித்துக்கொள்கிற வேலை. வயதில் என்னைவிட இரண்டு மடங்கு பெரியவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு அது கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

சேர்ந்த ஐந்தாவது மாதம் நானே கேட்டேன். "அக்கா, நாளைக்கு எனக்கும் கள்ளி எடுத்துனு வாங்க."

மறுநாள் அக்கா இரண்டு பங்கு சமைத்திருந்தார். பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் பாக்ஸை மூடினாராம். கடலைப்பருப்புக் கூட்டு. நன்றாகவே இருந்தது. நாலாவது வாயில் நாக்கில் ஏதோ ஒன்று தைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ஆனால் நாக்கை அசைக்கும்போதெல்லாம் இருந்தது.

"எப்டி இருக்குது?" என்று அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூப்பரா இருக்குதுக்கா."

முழுதும் சாப்பிட்டேன். பிறகு முதலுதவி அறைக்குப் போனேன். நர்ஸ் டார்ச் அடித்து இடுக்கியால் இரண்டு சுணைகளை எடுத்தார். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் மனசு கஷ்டப்படும் என்று நினைத்தேன். அதை மரியாதை என்றே நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, வெளிநாட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. குழந்தைகள் ஷூ. உள்ளே நூல் முனை குத்தி ஒரு குழந்தையின் கால் விரலில் கீறல். அதே வாரத்துச் சரக்கில் இன்னும் ஆறு ஜோடிகளில் அதே குறை. எங்கள் பிரிவுத் தலைவர் ஹரிஹரன் சார் காரணம் கண்டுபிடிக்கும் தாளை என்னிடம் கொடுத்தார். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து கட்டம் இருக்கும். ஒவ்வொன்றிலும் 'ஏன்?' என்று அச்சடித்திருக்கும். ஒரு பதிலை எழுதினால், அது ஏன் என்று அடுத்த கட்டம் கேட்கும். பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

"நீயாவது அஞ்சு வரைக்கும் போம்மா. கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு" என்றார்.

நான் ஐந்துவரை போனேன். குறை ஏன் வெளியே போனது? செக்கிங்கில் பிடிபடவில்லை. ஏன்? அந்த வாரத்துச் சரக்கு இரண்டாம் மேஜையில், அதாவது அக்காவின் மேஜையில், பார்க்கப்பட்டது. நாலாவது கட்டம் வரும்போது, நாக்கில் தைத்த சுணையும் உதட்டில் உருட்டிய கொய்யாவும் இடது கைக்கு மாறிய டிக்கெட்டும் ஒன்றாகச் சேர்ந்தன. கணக்கு விடை வந்ததுபோல ஒரு சந்தோஷம் எனக்கு வந்தது. அதை நான் மறைக்கக் கூடாது. ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன்: 'நீண்ட காலம் நூல் தீய்க்கும் பணி செய்ததால் பரிசோதகரின் கட்டை விரலில் தொடு உணர்வு இல்லை.'

பெயர் எழுதவில்லை. இரண்டாம் மேஜையில் பதினைந்து வருஷம் நூல் தீய்த்தவர் ஒருவர்தான்.

மறுநாள் ஹரிஹரன் சார் அக்காவின் முன்னால் பத்து ஷூக்களை வைத்தார். அக்கா ஒவ்வொன்றிலும் கைவிட்டார். சாதாரண நாள் சோதனை என்றே நினைத்திருப்பார். கை வழக்கம்போல வேகமாகப் போய் வந்தது.

"பத்தும் ஓகே சார்."

சார் நாலாவது ஷூவை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ பாரும்மா."

கைவிட்டேன். கடுகளவு முனை. முன்னமே ஒட்டி வைத்திருந்தார்கள்.

"குத்துதா?"

"குத்துது சார்."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கட்டை விரலைப் பார்த்தார். அதில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

வேலையை விட்டு யாரும் அனுப்பவில்லை. தோல் வெட்டும் ஹாலில் துண்டுக் கழிவை மூட்டை கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். சம்பளமும் அதேதான். நான் எழுதியதில் பொய்யும் ஒன்றுமில்லை. ஒரு குழந்தையின் காலில் கீறியதும் உண்மை. இதையெல்லாம் எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது வஜீதா அக்கா.

"உனக்குத் தெரியுமா? ரெண்டு வருஷமா அவ பாத்த ஜோடியை எல்லாம் நான் இன்னொரு வாட்டி பாத்துத்தான் அனுப்பிக்கினு இருந்தேன். அவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் பேசினது இல்ல. என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவ் போட்டேன். அந்த ஒரு வாரம்தான். வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"அதான் கேக்கிறேன். ஏன்னு அஞ்சு வாட்டி கேட்டியாமே. எங்க ரெண்டு பேருகிட்ட ஒரு வாட்டி கேக்கலியே."

எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் ஏறும்போது அவர் பக்கத்து இருக்கையில் அவர் பை இருக்கும்.

சௌந்தரம் அக்கா நான்கு நாள் பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். ஐந்தாவது நாள் நிறுத்தத்தில் இறங்கியதும் என்னோடு கூடவே நடந்தார்.

"அன்னிக்கு நாக்குல சுணை ஏறிச்சாமே. நர்ஸம்மா சொல்லுது."

"ரெண்டே ரெண்டுதான்க்கா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

நான் பையை மறு தோளுக்கு மாற்றினேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் ரெண்டு வாட்டி தீய்ச்சிருப்பேன். உதட்டுலயும் உணர்ச்சி கம்மியாய்டுச்சின்னு தெரிஞ்சிக்கினு இருப்பேன். நானே போய் சாருகிட்ட மேஜை மாத்திக் குடுங்கன்னு கேட்டிருந்தாலும் கேட்டிருப்பேன். எங்கிட்ட சூப்பர்ன்ட்டு, தாள்ல எழுதியிருக்கிறே."

"தப்புதான்க்கா."

"இன்னா தப்பு. உன் வேலைய நீ பாத்தே." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா நீ என் சாப்பாட்டைத் தின்னுட்டுதான் பாத்தே" என்றார்.

மூட்டை கட்டும் வேலையில் ஒன்பது நாள் இருந்தார். பிறகு கணக்கை முடித்துக்கொண்டார். ஏன் என்று அம்மா போய்க் கேட்டபோது, "அந்த வேலைல தடவிப் பாக்க ஒண்ணுமே இல்ல, பாக்யா" என்றாராம். குடியாத்தத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சாவியை அம்மாவிடம் கொடுத்து, ஆடு நுழையாமல் முள்படல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். குடியாத்தம் ஒன்றும் தூரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிடலாம். பதினொரு மாதமாக எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் போகவில்லை.

முள்படலைப் பார்க்க மட்டும் போவேன். அக்கா இருந்தவரை இளம் மட்டையாகவே உடைத்துத் தின்றதால் செடி இடுப்புக்கு மேல் வளர்ந்ததில்லை. இப்போது உடைக்க ஆள் இல்லை. என் தோள் உயரம் வந்தது. மார்ச்சில் மட்டைகளின் விளிம்பில் மஞ்சள் பூக்கள் வரிசையாக வந்தன. மே மாதம் பதினாறு பழங்கள், நல்ல குங்குமச் சிவப்பில்.

போன் செய்தேன். அவர் போனதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"அக்கா, பழம் வந்திருக்கு."

"எத்தினி?"

"பதினாறு."

"பாரேன். நான் இருந்தவரைக்கும் ஒண்ணு உட்டுச்சா? நான் எங்க அதை உட்டேன், பிஞ்சிலயே தின்னுட்டேன்." சிரித்தார். "பாய்க்கு முதல் பழம் போகணும் கவி. ஏழு வருஷமாக் கேக்கிறாரு, ஏழு வருஷமா அடுத்த கோடைக்கு அடுத்த கோடைக்குன்னு ஏமாத்திக்கினு இருந்தேன். நீ குடுத்துடு."

"நீங்களே வந்து குடுங்களேன்க்கா."

"அங்க வர்றதுக்கு எனக்கு இன்னா இருக்குது." பிறகு, "சுணை இல்லாமப் பாத்துக் குடு. வயசானவரு" என்றார்.

"எப்டிக்கா பாக்கிறது?"

"உன் நாக்குல வெச்சிப் பாரு. அது கரெக்டா சொல்லும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இருப்பதிலேயே முதலில் பழுத்ததை ஒரு தோல் துண்டால் பிடித்துத் திருகி எடுத்தேன். லைட்டரால் தீய்த்தேன். உதட்டில் வைத்தேன், குத்தியது. மறுபடி தீய்த்தேன். மூன்றாம் தடவை குத்தவில்லை. ஒரு சில்வர் டப்பாவில் வைத்து, காலையில் நிறுத்தத்துக்கு எடுத்துப் போனேன்.

சர்தார் பாஷா பாய் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வஜீதா அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். அவர் முகத்தில் அது தெரியவில்லை.

"இன்னாம்மா, சௌந்தரம் போன் பண்ணுதா?"

"பேசினேன் பாய்."

"திடீர்னு ஏன் உட்டுட்டுப் போச்சி? நல்ல மேஜையாச்சே அது. ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போயிடுச்சி."

டப்பா பையில் இருந்தது. பழத்தைக் கையில் கொடுத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திரும்ப முடியாது என்று தோன்றியது. அக்கா கொடுத்தனுப்பினார் என்று சொல்லி நல்ல பெயரோடு நிற்பதும் முடியவில்லை.

"எங்க பழம், வந்துச்சா இந்த வருஷமாவது?" என்றார், ட்யூபிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னும் இல்ல பாய்" என்றேன்.

பஸ் வந்தது. ஏறினேன்.

அது போன வாரம். டப்பாவைத் திறக்கவில்லை. செடியில் பதினைந்து இருந்ததில் மூன்றை மைனாக்கள் கொத்திவிட்டன. உள்ளே நல்ல சிவப்பு. மீதிப் பன்னிரண்டு அப்படியே இருக்கின்றன. பாய் தினமும் காலையில் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் இரண்டு நாளாக ஒரு நிறுத்தம் முன்னால் நடந்துபோய் பஸ் ஏறுகிறேன்.